ஓமலூர் பஸ்ஸில் நாலு எலும்பு

கோகிலவாணிக்கு அந்த டிஜிட்டல் மேசையைக் கண்டால் ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பொறாமை. ஆள் படுக்கிற நீளத்துக்குத் தொடுதிரை. விரலால் தேய்த்தால் தோல் விலகும், இன்னொரு தரம் தேய்த்தால் தசை விலகும், கடைசியில் எலும்பு மட்டும் நிற்கும். நாமக்கல் சாலையில் உள்ள அந்த நர்சிங் கல்லூரியில் பதினெட்டு வருடமாக அனாடமி எடுக்கிறவள் அவள். இப்போது பிள்ளைகளின் போனில் ஆப் வேறு. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கொடுத்து வைத்ததுகள் என்று திட்டிக்கொண்டே சந்தோஷப்படுவாள்.

அவள் சேலத்தில் படித்த காலத்தில் ஏது இதெல்லாம்? நாற்பது பெண்களுக்கு ஒரே ஒரு எலும்புப் பெட்டி. மணிக்கட்டின் எட்டுச் சின்ன எலும்புகளைத் தனியே ஒரு மஞ்சப்பையில் போட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முறைவைத்துக் கொடுப்பார்கள். ஒருத்திக்கு இரண்டு நாள். எட்டும் ஒரே ஜாடை. எதை எடுத்தாலும் கூழாங்கல் மாதிரிதான் இருக்கும்.

அதற்கு வழி கண்டுபிடித்தவள் அறைத்தோழி ஜெயப்பிரியா. அவள் ஊர் ஓமலூர், கோகிலாவின் ஊர் ராசிபுரம். முதல் வரிசை நாலு எலும்பும் ஓமலூர் பஸ்ஸில் ஏறட்டும், அடுத்த வரிசை நாலும் ராசிபுரம் பஸ்ஸில் ஏறட்டும் என்றாள். கோகிலாவின் முறை வியாழன், வெள்ளி. விடுதி மொட்டைமாடியில் தட்டுவடை செட்டைத் தின்றுகொண்டு, ஸ்டாப்புக்கு ஒரு எலும்பாக ஓமலூர் பஸ்ஸை நிரப்பினார்கள். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ராசிபுரம் பஸ்ஸை ஜெயாவின் முறையில், சனி ஞாயிறில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு. திங்கட்கிழமை பரீட்சை.

அந்த மொட்டைமாடியை நினைத்தால் கோகிலாவுக்கு இன்றைக்கும் மனசு நிறையும். உடனே மஞ்சப்பை ஞாபகத்துக்கு வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

சனிக்கிழமை காலையில் அவள் அந்தப் பையை யாருக்கும் சொல்லாமல் ஊருக்கு எடுத்துப் போய்விட்டாள். இன்னும் ஒரு தரம் பார்த்தால் தேவலை என்ற ஆசைதான். ஞாயிறு மத்தியானம் திரும்பிவிட நினைத்தவளை, வீட்டில் பெரியப்பா மகள் நிச்சயதார்த்தம் என்று பிடித்து வைத்துக்கொண்டார்கள். விடுதியில் பை எங்கே என்று வார்டன் கேட்டதற்கு, காணோம் என்று மட்டும் சொன்னாளாம் ஜெயா. திங்கட்கிழமை காலையில் வந்து பையைப் பெட்டிக்குள் நைசாகப் போட்டாள். அன்றைக்கு ஜெயாவின் கையில் பரீட்சகர் கொடுத்தது இரண்டாம் வரிசை எலும்பு. ஜெயா பெயில். ஆறு மாதத்தில் மறுபடி எழுதலாம்தான். ஆனால் படித்தது போதும் என்று அவள் அப்பா வந்து கூட்டிப் போய்க் கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார். கோகிலா வாயைத் திறக்கவில்லை. முப்பது வருடமாகத் திறக்கவில்லை.

இந்த வருடம் சேர்ந்த வித்யாவின் விண்ணப்பத்தில் தாய் பெயர் ஜெயப்பிரியா, ஊர் ஓமலூர் என்றிருந்ததைக் கோகிலா மூன்று தரம் படித்தாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் “மேடம்” என்று ஆசையாகக் கூப்பிடும்போதெல்லாம் உள்ளுக்குள் குறுகினாள். பெற்றோர் நாளுக்கு ஜெயா வருவாள். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், வித்யா காறித் துப்பினாலும் சரி என்று முடிவு செய்தாள்.

ஜெயா வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. “கோகிலா, நீதானா புள்ள! இவ எந்நேரமும் மேடம் மேடம்ங்கறா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வித்யா அம்மாவை மேசைக்கு இழுத்துப் போய், திரையில் ஒரு கையை விரித்து, பெயர்களை மறைத்து வைத்தாள்.

“அம்மா, இதுல ஒண்ணாச்சும் தெரியுமா?”

ஜெயா குனிந்து பார்த்தாள். விரல் தானாகப் போனது. “அஞ்சு ரோடு, ஸ்கேஃபாய்டு. குரங்குச்சாவடி, லூனேட். மாமாங்கம், ட்ரைக்விட்ரல். கருப்பூர், பிசிஃபார்ம்.” விரல் நின்றது. “அவ்வளவுதான் சாமி. ஓமலூர்ல நான் எறங்கிட்டேன்.”

வித்யா வாயைப் பிளந்தாள். கோகிலாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“பை காணாமப் போகல ஜெயா. நாந்தான் ஊருக்குக் கொண்டு போயிட்டேன். உன்ற படிப்பைக் கெடுத்தது நாந்தான்.”

வித்யா மேடத்தையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். ஜெயா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும் புள்ள. நீ துணிக்கடியில வெக்கறப்பவே பார்த்தேன். எப்படியும் நீ ஞாயித்துக்கெழம கொண்டாந்துருவேன்னு நெனச்சேன். இருட்டற வரைக்கும் ஹாஸ்டல் கேட்டுலயே நின்னேன்.”

கோகிலா அழுதுவிட்டாள். சத்தம் போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

“வார்டன் கேட்டப்ப ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா உன்னையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க” என்றாள் ஜெயா. அவள் குரலில் கோபம் இல்லாமல் இல்லை. “அழுதது போதும். மிச்ச நாலைச் சொல்லு.”

கோகிலா அவள் விரலைப் பிடித்துத் திரையில் வைத்தாள். “சீலநாயக்கன்பட்டி, ட்ரபீசியம். மல்லூர், ட்ரபீசாய்டு. ஆண்டகளூர் கேட், கேப்பிடேட். ராசிபுரம்…” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஹேமேட்” என்றாள் வித்யா மெதுவாக.

ஜெயா விரலை எடுத்து மறுபடி அஞ்சு ரோட்டில் வைத்தாள். அங்கிருந்து ராசிபுரம் வரைக்கும் எட்டையும் தடுமாறாமல் தானே சொல்லி முடித்தாள். பிறகு பரீட்சை ஹாலில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு கோகிலாவைப் பார்த்தாள்.

“நான் பாஸா, மேடம்?”