சுகார்யாவுக்குள் புகுந்த காற்று

மழைக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் சுகார்யாவின் உடம்புக்குள் காற்று புகுந்தது. அன்று முதல் அவர் வாயைத் திறந்தால் நான்கு முழம் தள்ளிக் கொடியில் கிடக்கும் ஈரத்துணி காய்ந்தது. ஜாவாவின் மழை ஊரான போகோரில் காற்றுப் புகாத ஆள் கிடையாது. பொத்தான் போடாமல் மோட்டார் சைக்கிளில் போனால் புகும். நனைந்த தலையோடு சாப்பிட்டால் புகும். நாணயத்தால் முதுகைச் சுரண்டி இஞ்சித் தேநீர் கொடுத்தால் இரண்டு ஏப்பத்தில் வெளியேறிவிடும். இந்தக் காற்றுக்கு மட்டும் போன இடம் பிடித்துப்போயிற்று. அவர் பேச முயன்றால் சொல் வரவில்லை, சாலாக் மலைக்காற்று வந்தது. சுகாதார நிலைய டாக்டர், இப்படி ஒரு நோய் மருத்துவத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை இரண்டு தெரு தள்ளிப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது.

மனைவி நினிங்கின் கவலை வேறு. இரண்டு மாதத்தில் மகள் இமாஸுக்கு நிக்காஹ். பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைக் கொடுத்தேன் என்கிற வாக்கியத்தை மாப்பிள்ளை தரும் மஹர் விவரத்தோடு, அது 'உடனடியாக' என்று முடித்து, ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். பொறுப்பை வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கலாம் என்றார் பதிவாளர். இமாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா வாயால வரணும். இல்லேன்னா எனக்குக் கல்யாணமே வேணாம்" என்றுவிட்டாள்.

அண்டை வீட்டார் நல்லவர்கள். நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒரு கையில் இஞ்சி, மறு கையில் துணி வாளி. நோயாளியைப் பார்ப்பது புண்ணியம், பார்க்கும்போது துணி காய்ந்தால் அது பாவத்தில் சேராது. செவ்வாய் பள்ளிச் சீருடை, வெள்ளி போர்வை என்று பக்கத்து வீட்டு கோகோம் அக்கா முறை வைத்தார். எலுமிச்சைப் புல் சேர் என்றார் ஒருவர், சேர்க்காதே என்றார் இன்னொருவர். நினிங் ஒரு நாளைக்கு ஆறு தடவை தேநீர் வைத்தாள். சுகார்யா குடித்துவிட்டு நன்றி சொல்ல வாயைத் திறந்தார். சீருடைகள் காய்ந்தன.

நிக்காஹுக்கு ஐந்து நாள் இருக்கையில், மிஞ்சிய தேநீரை நினிங்கே குடித்துப் பார்த்தாள். தொண்டையில் எரிச்சலே இல்லை. வெந்நீரில் இஞ்சியின் புகைப்படத்தைப் போட்டதுபோல் இருந்தது. இரண்டு மாதமாக வந்ததெல்லாம் யானை இஞ்சி. குழந்தையின் கை அளவுக்குக் கொழுத்தது, சூப்புக்கு நல்லது. காற்றை விரட்டுவது விரல் தடிமன்கூட இல்லாத சிவப்பு இஞ்சி. இது போகோரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாது என்ற மரியாதையில் நினிங் தன் மூக்கையே நம்பாமல் இருந்துவிட்டாள். நேராகக் கோகோம் அக்காவின் அடுக்களைக்குப் போனாள்.

"சிவப்பு இஞ்சி இந்த மழையில எங்க கெடைக்குது நினிங்? சந்தையிலயே கண்ணுல படல."

"உங்க அம்மியில கண்ணுல படுதே அக்கா."

வேறு யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் கோகோம் அம்மியைப் பார்த்தார். "பேரனுக்கு இருமல்டி."

"எம் பொண்ணுக்குக் கல்யாணம்."

"எட்டாம் தேதிதானே? ஏழாம் தேதி குடுக்கலாம்னுதான் இருந்தேன். போர்வையெல்லாம் பாக்கி கெடக்கு."

"நீங்களே ஊதிக் காய வைங்க அக்கா. ஊர்ல உங்களுக்கு இல்லாத வாயா?"

பேரனுக்கு ஒரு துண்டை விட்டுவிட்டு மீதியை முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். தோலோடு நெருப்பில் சுட்டு, நசுக்கி, பனைவெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, மூன்று டம்ளர் தண்ணீரை ஒன்றாகச் சுண்டவைத்தாள். முதல் நாள் ஏப்பத்தில் நாட்காட்டி விழுந்தது. மூன்றாம் நாள் ஜன்னல் கதவு போயிற்று. ஏழாம் தேதி மாலை வயிற்றுக் காற்று முழுவதும் ஏறித் தொண்டையில் வந்து நின்றது, பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டம்போல. எட்டாம் தேதி காலை, பதிவாளர் வந்து உட்கார்ந்த பிறகு, கடைசி டம்ளரைக் கொடுத்தாள்.

சுகார்யா மாப்பிள்ளை டேடெனின் கையைப் பிடித்து வாயைத் திறந்தார். பதிவாளரின் தொப்பி கிளம்பிப் போனது. ஆனால் காற்றோடு சொற்களும் வந்தன: மகளின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், மஹர், எல்லாம் தெளிவாக. 'உடனடியாக' என்ற கடைசிச் சொல்தான் முடியவில்லை. இரண்டு மாதக் காற்று அந்த ஒரு சொல்லின் வாலைப் பிடித்துக்கொண்டு வெளியேறத் தொடங்கியது. இமாஸ் முதல் அரை மணி அழுதாள், பிறகு முகப்பூச்சைச் சரிசெய்துகொண்டாள். பத்து மணிக்குப் பதிவாளர் காபி கேட்டார். தோள்வரை மரத்துப்போயும் டேடென் கையை விடவில்லை. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் சொல் முடிந்தது. டேடென் ஏற்றுக்கொண்டேன் என்றதற்கு மூன்று வினாடி ஆனது. இவ்வளவு அவசரம் எதற்கு என்று கூட்டம் நினைத்தது.

பதிவாளர் சாட்சிகளின் பக்கம் திரும்பினார். "நடுவுல மூச்சு வாங்கினாரா?"

"இல்லைங்க."

"அப்ப செல்லும்" என்று பதிவேட்டில் எழுதினார்.

சுகார்யா மனைவியைத் தேடினார். "சோறு ஆறிப்போச்சா?" என்று கேட்டார்.

"ஆறிடுச்சு" என்றாள் நினிங். "ஊதாம தின்னுங்க."