கடைசி வரி வரைக்கும்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில், பெண்ணின் வம்சத்தில் ஏழு தலைமுறையாக ஒருவரும் கண்ணாடி போட்டதில்லை. இந்த மகத்தான செய்தியைக் கண் மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும், உட்காரக்கூடச் செய்யாமல், பெண்ணின் அம்மா வெளியிட்டாள்.

"அதை டாக்டரம்மா சொல்லட்டும்" என்றார் மாப்பிள்ளையின் தாயார். பரிசோதனை வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான். "கண்ணாடி மாட்டின மருமகளை நாலு பேர் முன்னால எப்படி நிறுத்துறது? மூஞ்சியே கெட்டுப் போயிடுமே!"

மகன் வெளியே காத்திருந்தான். வரும்போதே மருத்துவர் அவனைக் கவனித்திருந்தாள்.

"உங்க பையன் போட்டிருக்காரே?"

"ஆம்பளைக்கு அது படிச்ச களைங்க."

மாடு வாங்குகிறவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பான். அவனாவது அதற்குச் சம்பந்தம் என்று பெயர் வைப்பதில்லை.

பெண்ணை நாற்காலியில் உட்கார்த்தி ஒரு கண்ணை மறைத்தாள். எதிர்ச்சுவர்த் திரையின் எழுத்துகளைப் பெண் கடகடவென்று ஒப்பித்தாள். கடைசி வரி, "ப, ட, ம, ர, ச." கண்ணைச் சுருக்கவில்லை, தயங்கவில்லை. போன வாரம் பெண்ணின் அம்மா 'தலைவலி' என்று வந்து, இதே திரையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தது மருத்துவருக்கு நினைவு வந்தது.

பொத்தானை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் மாறின.

"இப்போ அடுத்த கண்ணு. கடைசி வரி."

"ப, ட, ம, ர, ச."

திரையில் இருந்தது க, ல, ந, வ, த. பெண்ணின் அம்மா முகத்தில் ஈயாடவில்லை. மாப்பிள்ளையின் தாயாரோ பூரித்துப் போனார்.

"பேஷ்! கழுகுக் கண்ணு!"

மருத்துவர் மெல்ல அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களும் அந்த வரியைப் படிங்களேன்."

"எனக்கென்ன கேடு? ப, ட, ம, ர, ச."

ஆக, இந்த அம்மாளும் ஒரு காலத்தில் இப்படித்தான் தள்ளிவிடப்பட்ட சரக்கு. தட்டித் தடவியே ஒரு குடித்தனத்தை நடத்தி முடித்துவிட்டு, இப்போது சரக்குப் பார்க்க வந்திருக்கிறார்.

மருத்துவர் சோதனைச் சட்டத்தில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பெண்ணுக்கு மாட்டினாள். பெண் அம்மா பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உன் முகத்துல இவ்ளோ சுருக்கம் எப்ப வந்துச்சு?"

அம்மா மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாயே, குறை இல்லன்னு ஒரு வார்த்தை எழுதிடுங்க. இவ வாழ்க்கையே இதுலதான் இருக்கு."

மருத்துவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள்: "கிட்டப்பார்வை. ரெண்டு கண்ணும் மைனஸ் நாலு. கண்ணாடி கட்டாயம்."

"கண்ணாடி மாட்டாம இனிமே நான் வாசப்படி தாண்ட மாட்டேன்மா" என்றாள் பெண். "பஸ்ஸுல என்ன எழுதியிருக்குன்னு ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு ஏறினது போதும்."

மாப்பிள்ளையின் தாயார் விருட்டென்று எழுந்தார். கதவைத் திறந்துகொண்டு காத்திருப்போர் கூடத்துக்குள் பாய்ந்து, நாற்காலியில் இருந்தவனின் தோளைத் தட்டினார்.

"எழுந்திருடா! கண்ணு தெரியாதவ நம்ம வீட்டுக்கு வேணாம்!"

சட்டத்தைக் கழற்றாமலே பெண் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அத்தை, அது யாரோ."

அவர் பையன் எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.