இரண்டு வீடுகள் காணாமல் போன வரலாறு

மருத்துவ வரலாற்றில் பொன்னெழுத்துகளில் பொறிக்கத்தக்க செய்தி ஒன்று இங்கே முதன்முறையாக அறிவிக்கப்படுகிறது: ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தையல்காரியின் வீட்டுக்கு இருபுறமும் இருந்த வீடுகள் காணாமல் போயின. வலது வீட்டுக்காரர் பல் துலக்கிவிட்டுத் திரும்பியபோது வீட்டைக் காணவில்லை. துண்டோடு மாமனார் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

காரணம் தெரிந்த ஒரே ஆள் தையல்காரியின் தம்பி. ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. தேநீருக்குச் சர்க்கரை கேட்டால்கூட “ஒண்ணு பாயின்ட் நாலு ஸ்பூன்” என்பான் என்பதால் ஊரில் அவன் பெயரே பாயின்ட். எட்டு மாதத்துக்கு முன் அக்காவுக்கு மாதவிலக்கு நின்றது, தலைவலி வந்தது, பிள்ளை பெறாமலே பால் சுரந்தது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கோளாறோ என்று சந்தேகித்த டாக்டர் பால் சுரக்கவைக்கும் புரோலாக்டினின் அளவை ரத்தத்தில் பார்க்கச் சொன்னார். அந்தச் சுரப்பு அளவுக்கு மிஞ்சினால் சோதனை இயந்திரம் திணறிப்போய்க் கொஞ்சம்தான் இருக்கிறது என்று சொல்லிவிடும். சந்தேகம் இருந்தால் ரத்தத்தை நூறு மடங்கு நீர்க்கவைத்து மறுபடி ஓட்ட வேண்டும். இதைச் சீட்டில் எழுதி இயந்திரத்தின் நெற்றியில் ஒட்டியவனே பாயின்ட்தான். அக்காவின் ரத்தத்தை ஓட்டிய அன்று அவனுக்குத் ‘துல்லியச் செம்மல்’ விருது. மேடையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சமாக வந்த எண்ணிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினான். எண்ணைப் பார்த்த டாக்டர் மனக்கவலை என்று சொல்லி அனுப்பினார்.

கவலைப்படாமல் இருந்த அக்காவுக்குப் பக்கப் பார்வை சுருங்கியது. முதலில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். பிறகு அவள் கண்ணின் ஓரத்துக்கு எட்டாதவை நிஜமாகவே இல்லாமல் போகத் தொடங்கின: ஊசிப்பெட்டி, ஜன்னல், அப்புறம் வீடுகள். பாயின்ட்டும் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் மறைந்துவிடுவான். தட்டு மட்டும் காலியாகும்.

“டேய், எதிர்ல வந்து உக்காரு. பக்கத்துல உக்காந்தா நீ இல்லாமப் போயிடுற.”

“இருக்கட்டும்க்கா. இங்கதான் காத்து வருது.”

எதிரில் உட்கார்ந்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் இல்லாமலே இருந்து சாப்பிட்டான். ஒரு மத்தியானம் ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியாமல் தடவியவள், “என்னமோ போ. நீ போட்ட ரிப்போர்ட் நல்லா இருக்கே, எனக்கென்ன வந்துடப்போகுது” என்றாள். அன்று தட்டு காலியாகவில்லை.

மறுநாள் தானே ரத்தம் எடுத்து, நூறு மடங்கு நீர்க்கவைத்து ஓட்டினான். எண் பேப்பரில் அடங்கவில்லை. ஸ்கேனில் சுரப்பி வீங்கிக் கண் நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. அன்று எதிரில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் மடியில் கிடந்த துணியை நீவிவிட்டாள். “விருது வாங்கப் போனியே, அன்னைக்கா?”

“ஆமாக்கா.”

“போட்டோவாவது நல்லா வந்துச்சா?”

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

மாத்திரையில் வீக்கம் வடிந்தது. முதலில் இடது வீடு வந்தது, பிறகு வலது வீடு, சற்றே கோணலாக. உடையவர் துண்டோடு குடியேறினார். செய்த தவறைப் பாயின்ட் எழுதிக் கொடுத்தான். நிர்வாகம் அவன் நேர்மையைப் பாராட்டி அந்த ஆண்டும் விருதை அவனுக்கே கொடுத்தது. போட்டோவில் அவன் நின்ற இடம் காலியாக இருந்தது. விருது கொடுத்த நிர்வாகத் தலைவர் படத்தில் நன்றாக விழுந்திருந்ததால் அதையே சட்டம் போட்டு மாட்டினார்கள்.