எந்த வீட்டிலும் இருக்க முடியாத மனிதர்

1

இந்தக் கதை ஒரு பின்னட்டை வரியிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கதையில் வரும் விமர்சகர் நான்தான். ஆனால் எங்கள் குடும்பத்தில் தன்னைப் பற்றித் தானே பேசுவது அழகல்ல. ஆகவே இனி ‘அவர்’.

முதல் தொடக்கம்: ‘விசித்திரமான புத்தகங்களையும் படங்களையும் நாட்டுக்கு அறிமுகப்படுத்திய அவருடைய முப்பதாண்டுத் தொண்டு...’

(நிறுத்திவிட்டேன். அவர் எழுதும் பத்திரிகை அச்சாவதே அறுநூறு பிரதி.)

இரண்டாம் தொடக்கம்: ‘அவருக்குத் தொலைபேசி வந்தது.’ இது நிற்கட்டும்.

2

தொலைபேசிக்கு முன்னால் புத்தகம்.

அவர் சாதாரணப் படைப்பைக் கையால் தொடமாட்டார். முழுக்க ஒரு லிஃப்டுக்குள்ளேயே நடக்கும் தொலைக்காட்சித் தொடர், ஒரு வசனமும் இல்லாத நீதிமன்றப் படம் – இவைதான் அவர் பத்திக்குத் தீனி. சென்ற ஆண்டு தபாலில் ஒரு நாவல் வந்தது. யாரோ புனைபெயரில் எழுதியது. ஒரு வீட்டின் அறுபத்திரண்டு விதிகள். ஒவ்வொரு விதியின் கீழும் அது மீறப்பட்ட கதை. கடைசி விதி: ‘கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போகக் கூடாது.’ அதன் கீழே நான்கு வெற்றுப் பக்கங்கள்.

அவர் உருகிவிட்டார். வெற்றுப் பக்கங்களை ‘மௌனத்தின் உச்சம்’ என்று எழுதினார்.* விதிகளைப் போட்ட தந்தைப் பாத்திரம் அவரைக் கொள்ளைகொண்டது. தொலைபேசியில் பேசக்கூடச் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்பவர். மயக்க ஊசி போட வந்த மருத்துவரிடம் தன் பட்டங்களை வரிசையாகச் சொன்னவர். ‘இப்படி ஒரு மனிதர் எந்த வீட்டிலும் இருக்க முடியாது. ஆசிரியரின் கற்பனைக்குத் தலைவணங்குகிறேன்’ என்று முடித்தார்.

* புரியாத இடத்தில் ‘உச்சம்’ என்று போடுவது எங்கள் தொழில் ரகசியம். வெளியில் சொல்லாதீர்கள்.

3

போன வாரம் பதிப்பாளர் அழைத்தார்.

“சார், ரெண்டாம் பதிப்பு போடுறோம். ‘எந்த வீட்டிலும் இருக்க முடியாது’ன்னு எழுதினீங்களே, அதைப் பின்னட்டையில போட்டுக்கலாமா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அட்டை அச்சுக்குப் போகுது.”

“தாராளமா போடுங்க.”

வைத்துவிட்டுத் திரும்பினால், ஈரத் துண்டைக் கையில் வைத்தபடி மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள்.

“என்ன சிரிப்பு?”

“கழுத்தைத் தொட்டுப் பாருங்க.”

அவர் கை பொத்தானில் இருந்தது.

“எந்த வீட்டிலயும் இருக்க முடியாதாமே! அப்போ நாப்பது வருஷமா நான் யாருக்குங்க சோறு போட்டுக்கிட்டிருக்கேன்?”

அவருக்கு மெல்ல உறைத்தது. “யார் எழுதினது அது?”

“உங்க பொண்ணுதான். உறையில முகவரி எழுதினதும் அவதான். பெத்த பொண்ணு கையெழுத்து தெரியலையா?”

“உறையையெல்லாம் நான் பாக்குறதில்ல.”

“உள்ள இருந்ததையும்தான் பாக்கல. அந்த நாலு பக்கம் யாருக்குன்னு நினைச்சீங்க? உச்சமாம், உச்சம்!”

“தெரிஞ்சும் நீ ஏன் சொல்லல?”

துண்டை மடித்துக்கொண்டே சொன்னாள்: “அவளை நீங்க புகழ்ந்து நான் பாத்ததே இல்ல. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

4

மூன்று ஆண்டுகளுக்கு முன் மகள் அவர் தம்பியின் முறிந்த திருமணத்தைக் கதையாக எழுதினாள். வீட்டு விஷயம் அச்சில் ஏறக் கூடாது என்றார் அவர். “அப்போ நான் எதைத்தான் எழுதுறதுப்பா?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் அவளும் போனாள், வீட்டை விட்டு.

(இந்தப் பத்தியை அடித்துவிடத்தான் நினைத்தேன். வீட்டு விஷயம் அச்சில் ஏறுகிறது. யார் ஏற்றுகிறார் பாருங்கள்.)

பத்திரிகையில் வந்ததோடு போகாமல் அந்த வரி அவள் புத்தக அட்டையிலும் ஏறினால், அப்பா தன்னைக் கண்ணாடியில் பார்த்தும் அடையாளம் காணவில்லை என்று அவள் முடிவுகட்டிவிடுவாள். அத்தோடு அவள் கேள்வி செத்தது. திரும்பப் பெற்றாலோ, பத்தியில் காரணம் சொல்ல வேண்டும்: அந்தக் கேலிக்குரிய மனிதர் நான்தான். அறுநூறு வாசகர்கள், அதில் பாதி உறவினர்கள்.

5

முடிவு ஒன்று: வரியைத் திரும்பப் பெறுகிறார். காரணம் ‘இடப்பற்றாக்குறை’. பொய் சொல்லக் கூடாது என்பது ஒன்பதாம் விதி. ஆகாது.

முடிவு இரண்டு: அழைப்புமணி. வாசலில் பெட்டியோடு மகள். மூவரும் அழுகிறார்கள். இப்படி முடித்தவர்களையெல்லாம் முப்பது ஆண்டுகளாகத் தோலுரித்திருக்கிறேன். எனக்கு மட்டும் சலுகையா? (ஆசை இருக்கிறது. அது வேறு.)

முடிவு மூன்று: மகளைக் கூப்பிட்டு, “அம்மாடி, அன்னைக்கு நீ கேட்டியே, அதுக்கு...” என்று

6

நீங்கள் அச்சில் படிக்கும் இது, அந்த நான்கு வெற்றுப் பக்கங்களில் பென்சிலால் எழுதப்பட்டது. மூன்றரைப் பக்கம் தீர்ந்துவிட்டது. கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. ‘அவர்’ என்று ஒளிந்துகொண்டதிலேயே இடமெல்லாம் போய்விட்டது.

இன்று வியாழன். மனைவி மகளின் எண்ணை அழுத்தி, தன் தொலைபேசியை என் முன்னால் வைத்துவிட்டுப் போகிறாள். மணி அடிக்கிறது. கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறேன். அதை மட்டும் விடச் சொல்லாதீர்கள்.

“அம்மா?” என்கிறாள் மறுமுனையில்.

பக்கத்தில் இன்னும் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. உங்களுக்குத் தோன்றியதை எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்: நான் எழுந்து போகவில்லை.