கடைசி வண்டி

நான் மோட்டார் சைக்கிள் கற்றுக்கொண்டது ஆசையில் இல்லை, வாய்க்கொழுப்பில். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் நெய்வேலியில் புடவையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு புல்லட் ஓட்டிய பொம்பிளை நான் ஒருத்திதான் என்பதால், இசக்கியம்மாளைப் போல தைரியசாலி உண்டா என்று பிற்பாடு பலரும் சொல்லித் திரிந்தார்கள். தைரியமாவது ஒன்றாவது. ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரர் ஜெயராமன் ரசத்துச் சோற்றைப் பிசைந்துகொண்டே ஒரு சேதி சொன்னார். அதில் வந்த கோபம்தான் எல்லாம்.

"பண்ருட்டி மண்டிக்காரர் வண்டியைக் கேக்காரு. பொங்கலுக்குள்ள குடுத்திருதேன்னு சொல்லிட்டேன்."

ரசத்தில் உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எதுக்கு விக்கணும்? சும்மா நிக்கிற வண்டி சோறா கேக்கு?"

"ஓட்ட ஆள் இல்லாத வண்டி எதுக்குளா?"

"நான் ஓட்டுதேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் சிரித்திருந்தால் நானும் சிரித்து, அத்தோடு விட்டிருப்பேன். சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, வண்டிச் சாவியை அடுப்பு மேடைமேல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு சொன்ன சொல்லை எப்படி முழுங்குவது?

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அவர் மைன்ஸில் எலக்ட்ரீஷியனாக வந்து சேர்ந்து, பர்மனென்ட் ஆனதும் வாங்கியது அந்த புல்லட். டவுன்ஷிப்பில் அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சொற்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் கூடி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவே பண்ருட்டிக்குப் போவார்கள். அங்கே டிபன் சாப்பிட்டுவிட்டு, தோன்றினால் திருவதிகைக் கோயில்வரை போய்விட்டு, மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவார்கள். புதிதாக வண்டி வாங்கி ஓட்டத் தெரியாமல் முழிக்கிறவர்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டு பழக்கிவிடுவார்கள்.

அதற்கு ரூல் போட்டது என் வீட்டுக்காரர்தான். எல் போர்டு மாட்டினவன் இரண்டாவதாகப் போக வேண்டும். அவன் ஆமையாக ஊர்ந்தாலும் பின்னால் வருகிறவர்கள் தாண்டக் கூடாது. அவன் தப்புச் செய்தால் ரோட்டில் வைத்துக் கத்தக் கூடாது. எங்காவது வண்டியை நிறுத்தி, அவன் டீ குடித்து முடித்த பிறகுதான் சொல்லலாம். அவன் பின்னால் திரும்பிப் பார்க்கவே கூடாது. பின்னால் என்ன நடந்தாலும் அது கடைசி வண்டியின் பாடு. கடைசி வண்டி எப்போதும் எங்கள் புல்லட். ஸ்பேனரும் டியூபும் பஞ்சர் ஒட்டுகிற சாமானும் போட்ட காக்கிப் பையை மாட்டிக்கொண்டு இவர் எல்லோருக்கும் பின்னால் போவார். யார் வண்டி நின்றாலும் இவர் நிற்பார்.

இப்படி இருந்த மனுஷன் ஒரு கோயில் கொடைக்கு ஊருக்குப் போனபோது, அண்ணன் தோட்டத்து ஆயில் என்ஜின் பெல்ட்டில் இடது கையைக் கொடுத்துவிட்டார். மூன்று விரல் போய்விட்டது. கிளச்சைப் பிடிக்க முடியாது. வேலை போகவில்லை, ஸ்டோர்ஸில் உட்கார்த்தி வைத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வந்த சிநேகிதர்களிடம் தலைவலி என்றார், காய்ச்சல் என்றார். சங்கடப்பட்டுக்கொண்டு அவர்களும் வேறு இடத்தில் கூட ஆரம்பித்தார்கள். எங்கள் தெரு வழியாக வண்டிச் சத்தம் போனால் இவர் ரேடியோவைக் கூட்டி வைப்பார். வண்டியும் வீட்டைவிட்டுப் போய்விட்டால் இந்த மனுஷன் சிநேகிதம், சிரிப்பு எல்லாவற்றையும் சேர்த்து விற்றுவிட்டு மூலையில் உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குப் பயம். அந்தப் பயத்துக்குத்தான் நான் கோபம் என்று பெயர் வைத்திருந்தேன்.

சாவியை எடுத்துக்கொண்டு நேரே ராயப்பன் வீட்டுக்குப் போனேன். கூட்டத்தில் முதல் வண்டி ஓட்டுகிறவர் அவர். பக்கத்துக் கிராமத்துக்காரர், மைன்ஸில் வேலை. நான் அவரை எங்கள் ஊர் வழக்கப்படி அண்ணாச்சி என்பேன், அவர் என்னை அண்ணி என்பார். முறை எந்தக் கணக்கிலும் ஒத்துவராது, இரண்டு பேரும் அதைக் கண்டுகொண்டதில்லை. விஷயத்தைச் சொன்னதும் அவர் மனைவி தனம் இருமல் வருகிறவரைக்கும் சிரித்தாள். ராயப்பன் சிரிக்கவில்லை.

"அண்ணனுக்குத் தெரியுமாங்கண்ணி?"

"சாவியை அவுகதான் எடுத்து வச்சாக."

"அப்ப சரி. நாளைக்கே ஆரம்பிச்சிடலாம். தனம், நீயும் வா. சும்மா பேசிகினு உக்காந்திரு. ஊர் வாய்க்கு ஒண்ணும் கெடைக்கக் கூடாது."

ரோடு போட்டு இன்னும் குவார்ட்டர்ஸ் கட்டாத பிளாக் ஒன்று இருந்தது. ராயப்பன் ஷிப்ட் முடிந்து வந்ததும் அங்கேதான் பழகினேன். புல்லட்டை ஸ்டார்ட் செய்வதற்குள் உயிர் போகும். கிக்கர் திருப்பி அடித்து முழங்கால் வீங்கியது. கியரைப் போட்டால் வண்டி துள்ளும், கிளச்சை விட்டால் செத்துப்போகும். நான் வண்டியைத் திட்டுவேன், ரோட்டைத் திட்டுவேன், மண்டிக்காரரைத் திட்டுவேன். மதகுச் சுவரில் உட்கார்ந்து வறுத்த முந்திரிப் பருப்பைத் தின்றுகொண்டிருக்கும் தனம், "திட்னது போதும், ஒதைங்கக்கா" என்பாள். ராயப்பன் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தவில்லை. அவருக்கு எங்கிருந்து வந்ததோ அந்தப் பொறுமை, கல்லாகப் பிறந்திருக்க வேண்டிய மனுஷன்.

வண்டி ஒரு மாதிரி என் சொல் கேட்க ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். முன்னால் ராயப்பன், இரண்டாவது நான், பின்னால் கொளஞ்சியப்பனும் மற்றவர்களும். நான் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து டயரை மட்டும் அழுத்திப் பார்த்தார். போய்விட்டு வா என்றுகூடச் சொல்லவில்லை.

முதல் நாளே பண்ருட்டிக் கடைத்தெருவில், பலாப்பழ வண்டிக்கு ஒதுங்கப்போய் புல்லட்டோடு சாய்ந்து விழுந்தேன். அடி பெரிதில்லை. ஆனால் மார்க்கெட்டே வேடிக்கை பார்க்கத் திரண்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ராயப்பன் மட்டும் கிட்டே வந்து வண்டியின் மறுமுனையைப் பிடித்தார். மற்றவர்கள் என்னைச் சுற்றி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. நான் புடவையைச் சரிசெய்து, மூக்கை உறிஞ்சி, வண்டியை நிமிர்த்தி ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவரவர் வண்டிக்குப் போனார்கள்.

டீக்கடையில் கொளஞ்சியப்பனிடம், ஏன் அப்படி முதுகைக் காட்டி நின்றீர்கள் என்று கேட்டேன். "இதுவும் அண்ணன் சொன்னதுதாங்க. விழுந்தவன் எழுந்திருக்கறத யாரும் பாக்கக் கூடாதுன்னுவாரு" என்றார்.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சோறு போட்டும் எனக்குத் தெரியாத மனுஷனை அந்த ரோட்டில்தான் தெரிந்துகொண்டேன். எனக்கு யாரெல்லாம் பொறுமையாக இருந்தார்களோ அத்தனை பேரும் அவரிடம் பழகினவர்கள். மனசு நிறைந்துபோனது. வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. வெகுநேரம் கழித்து சைக்கிளில் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"எங்க போனீய?"

"மார்க்கெட் வரைக்கும்."

கையில் ஒரு கத்தரிக்காய்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டு அடித்துப்போட்ட மாதிரித் தூங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். அதற்கடுத்ததும். நான் வண்டி ஓட்டிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் வெளியே போய்விடுகிறார் என்று முடிவு கட்டினேன். வண்டியில் தொங்கிய காக்கிப் பையையும் காணோம். அதை முதலில் மண்டிக்காரருக்குக் கொடுத்துவிட்டாராக்கும் என்று மனசுக்குள் கறுவினேன். சொல்ல நினைத்ததைச் சொல்லவில்லை.

ராயப்பன்மேலும் எரிச்சல் வந்தது. அந்த மனுஷன் வண்டியை மாட்டு வண்டிபோல நகர்த்துவார். பாதி வழியில் டீக்கடையில் நிறுத்தினால் ஒரு டீ போதாது, இரண்டாவது டீ சொல்லுவார். கண்ணை வந்த வழியிலேயே வைத்திருப்பார்.

"அண்ணாச்சி, வண்டி பழக்க வந்தீயளா, டீ குடிக்க வந்தீயளா?" என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"குடிங்கண்ணி, குடிங்க. இன்னா அவசரம்" என்று சிரித்தார்.

மார்கழியில் கடலூருக்குப் போய் லைசென்ஸ் வாங்கினேன். பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப நாளைக்கப்புறம் அத்தனை வண்டியும் எங்கள் வாசலில் வந்து நின்றன. அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸ் எல்லாவற்றிலும் ஆட்கள் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். வைத்திலிங்கம் என்று ஒரு புதியவர் எல் போர்டு மாட்டிக்கொண்டு வியர்த்துப்போய் நின்றார்.

"அண்ணி, வைத்திலிங்கம் ரெண்டாவது. நீங்க கடைசி" என்றார் ராயப்பன்.

எனக்கு வந்ததே கோபம். "லைசென்ஸ் வாங்குன கையோட பின்னால தள்ளுதீயளா?"

"தள்ளலிங்கண்ணி. எல் போர்டு வந்தா கடைசி வண்டி இல்லாம கெளம்பக் கூடாது. அண்ணன் போட்ட ரூலு. இந்த வண்டியோட எடம் அது. அதுல வேற யாரும் போவல."

"அப்ப நான் எல் போர்டு மாட்டிக்கிட்டு வந்தேனே, அன்னைக்கு எந்தக் கடைசி வண்டி வந்துச்சு? எனக்கு மட்டும் ரூலு கிடையாதா?"

கொளஞ்சியப்பன் தரையைப் பார்த்தார். உள்ளே இருந்து என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, "ராயப்பா, வேண்டாம்" என்றார்.

"இல்லண்ணே. அண்ணி லைசென்ஸ் வாங்கிட்டாங்க. காலைல டீயும் குடிச்சிருப்பாங்க. இப்ப சொல்லலாம்." ராயப்பன் என் பக்கம் திரும்பினார். "வராம இன்னாங்கண்ணி? ஒவ்வொரு வாட்டியும் அண்ணன்தான் வந்தாரு. சைக்கிள்ல. நீங்க தெருமுனை திரும்பனதும் கெளம்புவாரு. நீங்க விழுந்த அன்னிக்கும் பண்ருட்டி வரைக்கும் மிதிச்சிகினு வந்து சேந்தாரு. நாம திரும்பி வர்றப்ப முந்திரித் தோப்புல எறங்கி மறைஞ்சி நின்னுக்குவாரு. அவரு வந்து சேரட்டும்னுதான் நான் ரெண்டாவது டீ குடிச்சது. எனக்கு டீயே புடிக்காதுங்க."

நான் சுவரோரம் பார்த்தேன். சைக்கிள் கேரியரில் சணல் கயிறு போட்டுக் கட்டியிருந்தது காக்கிப் பை. இத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்கிறது. வண்டியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த என் கண்ணில் படவில்லை.

"ஏன் சொல்லல?" என்றேன். என் வீட்டுக்காரரைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"சொன்னா திரும்பித் திரும்பிப் பாப்ப. ரோட்டப் பாக்க மாட்ட" என்றார்.

புல்லட்டில் ஏறி உட்கார்ந்து உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது.

"பையை எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கு பஞ்சர் ஒட்டத் தெரியாது."

அவர் தெருவைப் பார்த்தார். ஒவ்வொரு கேட்டிலும் ஆள் நின்றது. பொண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து போவதை அந்த டவுன்ஷிப் அதுவரை பார்த்ததில்லை. ராயப்பன் சட்டென்று தன் வண்டியைத் திருப்பி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கொளஞ்சியப்பன் திரும்பினார். மற்றவர்களும் திரும்பினார்கள். என்ன ஏது என்று தெரியாத வைத்திலிங்கமும் அவர்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

வண்டி பின்பக்கம் அமுங்கியது. அவர் இடது கை என் தோளில் வந்து நின்றது, இருக்கிற இரண்டு விரலோடு.

பண்ருட்டிக் கடைத்தெருவில் வைத்திலிங்கம் வண்டி நின்றுவிட்டது. எல்லோரும் நின்றோம். தன் கடை வாசலில் இருந்து பார்த்த மண்டிக்காரர் எங்களிடம் வந்துவிட்டார். என்னையும் என் வீட்டுக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாங்க, வண்டியோடவே வந்துட்டீங்க? இன்னிக்கே உட்டுட்டுப் போறீங்களா?"

என் தோளில் இருந்த கை அசையவில்லை. அவர் கீழே இறங்கவுமில்லை. மார்க்கெட் நடுவில், என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தபடியே, பழைய குரலில் சத்தமாகச் சொன்னார்:

"மன்னிச்சுக்கிடுங்க. வண்டி விக்கதுக்கு இல்ல. ஓட்ட ஆள் இருக்கு."

எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டும் ஹாண்டில்பாரில் இருந்தன. எனக்கு முதுகைக் காட்டி நின்ற அத்தனை பேருக்கும், பிடிக்காத டீயைக் குடித்த ராயப்பனுக்கும், பின்னால் இருக்கிற இந்த மனுஷனுக்கும் சேர்த்து மனசுக்குள் கும்பிட்டேன். முன்னால் வைத்திலிங்கம் வண்டி இருமி, கிளம்பியது.

"முன்னால பாரு" என்றார் அவர்.

திரும்பி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்க்கவில்லை. கிளச்சை விட்டேன்.