வேகாத பூரணம்

காலை எட்டு மணிக்கெல்லாம் கிகுயோவின் சமையலறை கைமாறிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்து பேர் ஏப்ரனோடு வந்து இறங்கி, அவளுடைய அலமாரிகளைத் திறந்து, அவளுடைய பாத்திரங்களிலேயே முள்ளங்கியையும் டோஃபுவையும் வேகவைக்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த மலையோர ஊரில் அதுதான் முறை. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் அடுப்பைத் தொடக் கூடாது. எல்லாம் முடியும்வரை சமையல் அண்டை வீட்டார் பொறுப்பு.

அவள் கணவர் தமேஜி, உள்ளே பாய் விரித்த அறையில் வடக்கே தலைவைத்துக் கிடந்தார். முந்தின நாள் விடியலில் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்திருந்தது. பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டி வரும். போகிறவருக்குப் பிடித்ததைப் பக்கத்தில் வைத்து மூடிவிடுவார்கள்.

பத்து மணி தாண்டிக் கிகுயோ சமையலறை வாசலில் வந்து நின்று, அடுப்பில் ஒரு பக்கம் தனக்கு வேண்டும் என்றாள்.

ஐந்து பேருக்கும் தலைவி தொமிகோ. எதிர்வீட்டுக்காரி, எழுபது வயது, சத்தமான வாய். "என்ன வேணும்னு சொல்லு, செஞ்சு தர்றோம். பத்துக் கை இருக்கு இங்கே. நீ போய் உன் வீட்டுக்காரர்கிட்ட உட்காரு" என்றாள்.

சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த பன் சுட வேண்டும் என்றாள் கிகுயோ. அதற்கென்ன, டவுனுக்குக் காரில் போனால் அரை மணியில் வாங்கி வந்துவிடலாம் என்றாள் ஒருத்தி. சிவப்புப் பயறு வேகவைப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று இன்னொருத்தி முன்வந்தாள். கிகுயோ நகரவில்லை.

"நாலு நாளைக்கு முன்னாடி கேட்டார், அக்கா. ஒரே ஒரு பன், நீ சுட்டதுன்னு. சர்க்கரை ஏறிடும், வீட்டுக்கு வாங்க பார்க்கலாம்னுட்டேன். அதுக்கப்புறம் அவர் என்கிட்ட எதையும் கேட்கலை."

முள்ளங்கி நறுக்கும் சத்தம் நின்றது. தொமிகோ கைகளை ஏப்ரனில் துடைத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"இங்கே இடம் பத்தலை. சட்டியைத் தூக்கிட்டு எல்லாரும் பொதுக்கூடத்துக்கு நடங்க."

முறை என்று ஒன்று இருக்கிறதே என்று ஒருத்தி இழுத்தாள். அதைத் தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று தொமிகோ அவள் கையில் முள்ளங்கிக் கூடையைத் திணித்து அனுப்பினாள். நால்வரும் போன பிறகு, வாசற்படியில் சமையலறைக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"நான் எதையும் பார்க்கலை. வெண்ணெய், முட்டை மட்டும் சேர்க்காதே, சாவு வீட்டுச் சமையல்ல அதெல்லாம் ஆகாது. அந்த அளவுக்காவது முறை நிக்கட்டும்."

கிகுயோ மாவை எண்ணெய் விட்டுப் பிசைந்து, ஈரத்துணி போட்டு மூடினாள். பயறு கொதித்ததும் முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். நாற்பது வருடம் செய்த வேலை, கை தானாக நடந்தது. ஆனால் கடைசி ஆறு வருடமாக அந்த வீட்டுக்குள் சர்க்கரை வரவில்லை. தமேஜிக்காகப் பயற்றை உப்பு மட்டும் போட்டே வேகவைத்திருந்தாள். இன்றைக்கு அந்தப் பெண்கள் விட்டுப்போன சர்க்கரைப் பொட்டலத்தைப் பார்த்தவள், பிரித்து மொத்தமாகக் கொட்டிவிட்டாள்.

கரண்டி போட்டுக் கிளறும்போதுதான் உறைத்தது. பயறு இன்னும் வேகவில்லை.

வேகுமுன் சர்க்கரை விழுந்தால் பயற்றின் தோல் இறுகிவிடும். அப்புறம் நாள் முழுக்கக் கொதிக்கவிட்டாலும் மசியாது. அந்த ஊரில் புதுக் கல்யாணப் பெண்கூடச் செய்யாத தப்பு. இருந்தும் தீயைக் குறைத்து வைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தாள். ஒரு பயற்றை எடுத்து விரலுக்கிடையில் நசுக்கிப் பார்த்தாள். வழுக்கி ஓடியது.

சத்தம் இல்லாததைக் கவனித்துத் தொமிகோ திரும்பினாள். எழுந்து வந்து, தானும் ஒன்றை வாயில் போட்டு மென்றாள். மறுபடி ஒரு பானை வைக்க நேரமில்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"என் வீட்டு ஃப்ரிட்ஜுல கடைப் பூரணம் ஒரு பாக்கெட் இருக்கு. எடுத்துட்டு வரேன். உள்ளே என்ன இருக்குன்னு யாரு பிரிச்சுப் பார்க்கப்போறா?"

கிகுயோ பானையை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள், தொமிகோ ஒரு கால் செருப்பை மாட்டிக்கூட விட்டாள்.

"வேண்டாம்க்கா. அவருக்கு முதல் கடியிலேயே தெரிஞ்சிடும். கல்லா இருந்தாலும் நான் செஞ்சதைத்தான் கேட்டார்."

"பல்லு உடைஞ்சா அங்கே போய்த் திட்டுவார்."

"திட்டட்டும். என்னோட பேசாமப் போனதுக்கு அது தேவலை."

தொமிகோ செருப்பைக் கழற்றினாள். மணி ஒன்றாகப் போகிறது, சீக்கிரம் உருட்டு என்று அதட்டிவிட்டு, மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கிகுயோ பயற்றை மரக்கட்டையால் ஓங்கி ஓங்கி இடித்தாள். பாதி உடைந்தது, மீதி முழுசாகவே கிடந்தது. அப்படியே உருட்டி மாவுக்குள் வைத்து மூடினாள். ஆறு பன். முட்டை பூசாததால் மினுமினுப்பு இல்லாமல் வெளிறிப்போய் ஓவனிலிருந்து வெளியே வந்தன.

பெட்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. தெரு ஆண்கள் தமேஜியைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். வெள்ளை உடை அவருக்குப் பெரிதாக இருந்தது. ஒரு பன்னை இடுப்போரமாக வைக்கும்படி பெட்டியோடு வந்தவர் பணிவாகச் சொன்னார். கிகுயோ குனிந்து, மடித்து வைத்திருந்த தமேஜியின் கைகளுக்குப் பக்கத்திலேயே வைத்தாள். வைத்தவள், மறுபடி எடுத்தாள்.

போகிறவரோடு கடைசியாக ஒருமுறை பகிர்ந்து சாப்பிட்டு வழியனுப்புவதும் அந்தப் பக்கத்து முறைதான். பன்னை இரண்டாகப் பிய்த்தாள். பூரணம் நிறைந்திருந்த பாதியை அவர் கையருகே வைத்துவிட்டு, மற்றதை வாயில் போட்டுக்கொண்டாள்.

பயறு நறநறவென்று கடிபட்டது. அறை முழுக்கக் கேட்டது. யாரும் தலை நிமிரவில்லை.

"தப்பாப் போச்சு" என்றாள் அவரிடம், வாயில் பன்னோடு. "அன்னைக்கே கொடுத்திருக்கணும்."

பிறகு மென்றுகொண்டே இருந்தாள். கொஞ்சத்தில் முடிகிற வேலையாக இல்லை. மூடியின் இரு முனைகளையும் பிடித்திருந்தவர்கள், அவள் விழுங்கி முடிக்கும்வரை அப்படியே நின்றார்கள்.