போதும் ராணி

“அந்த விரல நல்லாத் தேய்க்கக் கூடாதா? மஞ்சக் கறை அப்படியே இருக்கு. சபை வர்ற நேரம்,” என்றான் அருண்பிரசாத்.

ஜெயராணி அப்பாவின் வலக்கையை ஈரத்துணியால் ஒற்றினாள், தேய்க்கவில்லை. நேற்று மத்தியானம் நண்டுக் குழம்புச் சோற்றை அந்த விரல்களால்தான் பிசைந்து நாலு வாய் உண்டார் உதயசூரியன். அரை மணி நேரத்தில் போய்விட்டார்.

“நாக்குக்கு அடிமையா வாழ்ந்தாரு. எப்படியோ கடைசில மனந்திரும்பினாரே,” என்றான் அண்ணன்.

ரங்கத் ஊரிலிருந்து கப்பலேறி வந்த மூன்று நாளில் இவன் செய்த அழிச்சாட்டியம் கொஞ்சமா? சாகக் கிடக்கிற மனுஷன் காதில், “சிற்றின்பம் போதும்னு வாயால சொல்லுங்கப்பா” என்று ஒரே பாட்டு. அப்பா கண்ணைக்கூடத் திறக்கவில்லை. எந்நாளும் சாப்பிட்ட பிறகே ஜெபித்தவர் அவர். ஏன் என்று கேட்டால், “ருசி பாக்காம நன்றி சொன்னா அது பொய்ச் சாட்சி ஆயிடாதா?” என்று சிரிப்பார். சபையில் பாதிப் பேர் அதற்காகவே அவரோடு பேசுவதில்லை.

பத்து மணிக்குள் குட்வில் எஸ்டேட் வீட்டு வாசல் நிறைந்துவிட்டது. பாஸ்டர் தலையசைக்க, அருண்பிரசாத் பெட்டியருகே நின்று சாட்சி சொன்னான்.

“எங்கப்பா கடைசியாச் சொன்ன வார்த்தை ‘போதும்’. இந்த உலக இன்பமெல்லாம் போதும்னு...”

“அல்லேலூயா!” என்றது கூட்டம்.

ஜெயராணி பெட்டிக்கு மறுபக்கம் வந்து நின்றாள்.

“அரே, நிறுத்துண்ணே! பாதிய முழுங்காதே. ‘போதும் ராணி’ன்னாரு. இன்னொரு கரண்டி குழம்பு ஊத்தப் போனப்ப எங்கிட்டச் சொன்னாரு. வயிறு நெறஞ்சு சொன்னாரு. அப்புறம் கண்ண மூடி உதட்ட அசைச்சாரு. அதுதான் அவரு ஜெபம். நீ அப்ப பாஸ்டருக்கு போன் போட்டுக்கிட்டு இருந்தே.”

“சுப்! வாய மூடு. அப்பா நரகத்துக்குப் போகணுமா உனக்கு?”

“நாலு வாய் நண்டுக்கு நரகத்துல தள்றவரு உன் ஆண்டவரு. அப்பா நன்றி சொன்னது அவருகிட்ட இல்ல.”

பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு அவசர அவசரமாக ஜெபத்தை முடித்தார். அருண்பிரசாத் வெள்ளைத் துணியை இழுத்து அப்பாவின் கைகளை மூடினான்.

பெட்டியின் மூடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்தார்கள். ஜெயராணி அவர்களை நிற்கச் சொன்னாள். குனிந்து, துணியை மணிக்கட்டு வரை மடித்துவிட்டாள். மஞ்சள் விரல்கள் ஐந்தும் வெளியே தெரிந்தன.